அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோருக்கும் மாரடைப்பு: எனக்கும் வருமா?

கேள்வி: ஐயா, ஈரோடு பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. அப்பா 48 வயதில் தறி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. பீடி பிடிப்பார், அதனால்தான் என்று விட்டுவிட்டோம். ஆனால் எந்தப் பழக்கமும் இல்லாத சித்தப்பாவும் 46 வயதில் அப்படியே போனார். அத்தைக்கு 57-இல் பைபாஸ். போன தை மாதம் அண்ணனுக்கு (வயது 39) மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு 60 வயது. அவருக்குக் கொலஸ்ட்ரால் 180-ஐத் தாண்டியதில்லை.

நான் ஒல்லி, சைவம், தினமும் நடக்கிறேன். மாஸ்டர் செக்கப்பில் மொத்தக் கொலஸ்ட்ரால் 288, எல்டிஎல் 218, எச்டிஎல் 42, ட்ரைகிளிசரைடு 140 என்று வந்தது. சுகர், பிரஷர் இல்லை. ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் நார்மல், இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் எண்ணெயே இல்லாமல் சாப்பிட்டேன். நாலு கிலோ இறங்கியது, எல்டிஎல் 204-க்கு வந்தது, அவ்வளவுதான். எங்கள் டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 எழுதிக் கொடுத்தார். ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, லிவர் கெடும், சுகர் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அட்டையைப் பிரிக்கவே இல்லை. ஜீனிலேயே இருக்கிறது என்றால் மாத்திரை என்ன செய்துவிடும்? எச்சில் அனுப்பினால் ஜீன் பார்த்துச் சொல்கிற கிட் வாங்கச் சொல்கிறார் நண்பர், வாங்கலாமா? மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறேன், ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். சொந்தத்தில் கட்டியதால் அவளுக்கு ஆபத்தா?

இன்னொன்று. அப்பாவுக்கு விரல் முட்டிகளில் கட்டி கட்டியாக இருக்கும். தறி வேலையில் வந்த காய்ப்பு என்பார். இப்போது அண்ணனுக்கும் அப்படித் தெரிகிறது. அவன் மளிகைக் கடை வைத்திருக்கிறான், தறிப் பக்கமே போனதில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சம்பந்தம் உண்டு. உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

காய்ப்பு என்பது தோலில் வரும். தோலை நகர்த்தினால் கூடவே நகரும். நீங்கள் சொல்வது அநேகமாகத் தோலுக்கு அடியில், விரலை நீட்டுகிற தசைநாணில் கொலஸ்ட்ரால் படிந்து வந்த கட்டி. அண்ணனை விரல்களை மடக்கி விரிக்கச் சொல்லிப் பாருங்கள். தசைநாண் அசையும்போது கட்டியும் அசைந்தால் என் சந்தேகம் உறுதியாகிறது. அப்புறம் அவருடைய குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் தசையிலிருந்து கீழே இறங்குகிற கெட்டியான நாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மேலிருந்து கீழாகத் தடவுங்கள். சாதாரணமாக அது கத்தி முதுகு போல மெலிதாக, ஒரே சீராக இருக்கும். தடித்து, முண்டும் முடிச்சுமாக இருந்தால் அதுவும் கொலஸ்ட்ரால் படிவுதான். இதையே உங்கள் காலிலும் செய்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று கருவிழியின் ஓரத்தில் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுபது வயதில் அந்த வளையம் இருந்தால் நான் கண்டுகொள்ளவே மாட்டேன். 34-இல் இருந்தால் உட்கார வைத்துக் குடும்பக் கதையைக் கேட்பேன்.

218 எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்களே, அது), 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்த அப்பா, சித்தப்பா, அண்ணன், இந்தக் கட்டிகள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், உங்கள் குடும்பத்தில் ஓடுவது பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் என்கிற நோயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். டாக்டர்கள் சுருக்கமாக எஃப்எச் என்பார்கள். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. தைராய்டு குறைவு, சில சிறுநீரக நோய்கள் போன்றவையும் எல்டிஎல்லை ஏற்றும் என்பதால் தைராய்டுக்கான டிஎஸ்எச் டெஸ்ட், யூரின் டெஸ்ட் இரண்டையும் எடுத்து அவற்றை முதலில் விலக்க வேண்டும். ஆனால் தைராய்டு குறைவு சித்தப்பாவையும் அண்ணனையும் விளக்காது.

இது அபூர்வமான நோய் என்று நினைத்துவிடாதீர்கள். உலகில் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது இருக்கிறது. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காருகிறவர்களில் இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. வலி இல்லை, தலைச்சுற்றல் இல்லை. முதல் அறிகுறியே மாரடைப்பாக இருக்கலாம்.

நோய் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் உங்கள் மற்ற கேள்விகளுக்குப் பாதிப் பதில் வந்துவிடும். கல்லீரலின் செல்கள் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற ஏற்பிகள் இருக்கின்றன. இரத்தத்திலிருந்து எல்டிஎல் வெளியேறுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். ஏற்பியைச் செய்வதற்கான ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நம் எல்லோரிடமும் இரண்டு இருக்கிறது. ஒரு கிணற்றில் இரண்டு மோட்டார் போட்டு இறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எஃப்எச் உள்ளவருக்குப் பிறக்கும்போதே ஒரு மோட்டார் ஓடுவதில்லை. தண்ணீர் மட்டம் ஏறித்தானே நிற்கும்? ஊற்றைக் கொஞ்சம் அடைத்துப் பார்த்தீர்கள், மூன்று மாதம் எண்ணெயை விட்டீர்கள். 218 என்பது 204 ஆனது. நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. அதை வெளியேற்றும் வேகம் பாதியாக இருக்கும்போது சாப்பாட்டுக்கட்டுப்பாடு மட்டும் எவ்வளவு செய்யும்?

இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் டல்லஸில் வேலை செய்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும். இரண்டு ஜீனும் கெட்டுப்போன, சிறு வயதிலேயே மாரடைப்பு வருகிற குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சியில்தான் அவர்களுக்கு விடை கிடைத்தது. 1985-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நாம் இன்றைக்குப் போடுகிற ஸ்டாட்டின் மாத்திரை (உங்கள் அட்டோர்வாஸ்டாட்டினும் அதில் ஒன்று) எப்படி வேலை செய்கிறது என்பதும் அந்த ஆராய்ச்சியால்தான் விளங்கியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் "இதயம் நன்றாக இருக்கிறது" என்ற சான்றிதழ். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் மூன்றும் இன்றைய நிலவரத்தைச் சொல்பவை. ட்ரெட்மில்லில் மாற்றம் தெரிய வேண்டுமென்றால் பொதுவாக ஒரு இரத்தக் குழாய் 70 சதவீதம் அளவுக்காவது சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் பல மாரடைப்புகள் 40, 50 சதவீத அடைப்பு திடீரென்று வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வருபவை. முந்தின மாதம் ட்ரெட்மில்லில் நார்மலாக ஓடியவர் அடுத்த மாதம் மாரடைப்போடு வருவதைப் பார்க்காத இதய டாக்டர் கிடையாது. ஆகவே அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு 218-ஐ மறந்துவிடக் கூடாது. மாஸ்டர் செக்கப் என்ற பெயரில் இத்தனை டெஸ்ட் எடுத்துவிட்டு, உங்கள் வயதில் எது முக்கியமோ அந்த எண்ணை ஓரமாக வைத்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு ரொம்ப நாளாகவே எரிச்சல் உண்டு. கால்சியம் ஸ்கோர் என்று ஒரு சிடி ஸ்கேன் இருக்கிறது, யாராவது சொல்லுவார்கள். உங்கள் வயதில் அது பூஜ்யம் என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. படிவு கால்சியமாக இறுகுவதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

சரி, "ஜீனிலேயே இருக்கிறது என்றால் மாத்திரை என்ன செய்யும்?" இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். தலையெழுத்து என்று முடித்துக்கொள்ள ஜீன் என்ற சொல் வசதியாக இருக்கிறது. உங்கள் விஷயத்தில் நிலைமை நேர்மாறானது. பரம்பரையாக வரும் இதய ஆபத்துகளில் மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படுவது இதுதான். ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கிறது. உள்ளே கொலஸ்ட்ரால் குறைந்ததும் கல்லீரல் தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து இழுக்கப் பார்க்கிறது, அதற்காக ஏற்பிகளைக் கூடுதலாகச் செய்கிறது. அதாவது நல்ல மோட்டார் இன்னும் வேகமாக ஓடுகிறது. கெட்டுப்போன ஜீனை நாம் தொடவே இல்லை. நல்ல ஜீனிடம் அதிகம் வேலை வாங்குகிறோம்.

எவ்வளவு பலன்? சிகிச்சை இல்லாமல் விட்டால் எஃப்எச் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய அடைப்பு நோய் வெளிப்பட்டுவிடும். பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 60 வயதுக்குள். உங்கள் அப்பா, சித்தப்பா, அத்தை மூவரின் வயதையும் இதோடு வைத்துப் பாருங்கள். நெதர்லாந்தில் எஃப்எச் உள்ள 214 பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஸ்டாட்டின் கொடுத்து இருபது வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2019-இல் வெளிவந்தது. அவர்களுக்கு 39 வயது ஆகும்போது இதய, இரத்தக் குழாய் பாதிப்பு வந்தது 1 சதவீதம் பேருக்கு. அவர்களுக்கு இந்த ஜீனைக் கொடுத்த பெற்றோரில், அதே 39 வயதுக்குள் பாதிப்பு வந்தது 26 சதவீதம் பேருக்கு. ஜீன் இரண்டு தலைமுறைக்கும் ஒன்றுதான். பெற்றோர் சிறு பிள்ளைகளாக இருந்தபோது ஸ்டாட்டின் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிசிஎஸ்கே9 என்று ஒரு ஜீன், ஏற்பிகளை அழிக்கிற புரதத்தைச் செய்வது. அது பிறவியிலேயே செயலிழந்து, அதனால் எல்டிஎல் குறைவாகவே இருந்த கறுப்பின அமெரிக்கர்களை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. எல்டிஎல் சராசரியாக 28 சதவீதம்தான் குறைவு. இதய அடைப்பு நோயோ 88 சதவீதம் குறைவு. ஐம்பது வயதில் மாத்திரை தொடங்கி அதே அளவு குறைத்தால் இவ்வளவு பலன் கிடைக்காது. எல்டிஎல் எவ்வளவு உயரம் என்பதோடு, இரத்தக் குழாய் எத்தனை வருடம் அதில் ஊறியது என்பதும் கணக்கில் சேருகிறது. நீங்கள் 34 வருடம் ஊறியிருக்கிறீர்கள். அதனால்தான் அந்த அட்டையை இன்னும் பிரிக்காமல் வைத்திருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

பயங்களைப் பற்றி. லிவர்: ஸ்டாட்டின் போட்ட சிலருக்கு லிவர் என்சைம் கொஞ்சம் ஏறும், பெரும்பாலும் தானே இறங்கும். லிவர் உண்மையிலேயே பாதிக்கப்படுவது மிக அபூர்வம். தொடங்குமுன் ஒரு டெஸ்ட், சில வாரம் கழித்து ஒரு டெஸ்ட் எடுத்தால் போதும். சுகர்: இந்தப் பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. சுகர் வரும் வாய்ப்பை ஸ்டாட்டின் சற்றுக் கூட்டுகிறது, முக்கியமாக ஏற்கெனவே சுகர் எல்லையில் நிற்பவர்களுக்கு. உங்கள் உடல்வாகும் ரிப்போர்ட்டும் அப்படி இல்லை. இருந்தாலும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தசைவலி: சிலருக்கு வரும். ஆனால் 2020-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், வலியால் ஸ்டாட்டினை நிறுத்தியவர்களுக்கே ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் வெறும் மாவு மாத்திரை, ஒரு மாதம் ஒன்றுமில்லாமல் என்று எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவில் 90 சதவீதம் மாவு மாத்திரை சாப்பிட்டபோதும் இருந்தது. ஆயுசுக்கும் விட முடியாது என்பது சரிதான். ஜீனும் ஆயுசுக்கும்தானே இருக்கிறது?

உங்கள் டாக்டர் எழுதியது சரியான மருந்து, ஆனால் அளவு போதாது. அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்டிஎல்லை 38 சதவீதம் அளவுக்குக் குறைக்கும். 218 என்பது 135-க்கு வரும். எஃப்எச் உறுதியானால் உங்களுக்கு 70-க்குக் கீழே வர வேண்டும். அண்ணனுக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்துவிட்டதால் 55-க்கும் கீழே. அளவை இரண்டு மடங்காக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும் என்பது இந்த மருந்தின் குணம். ஆகவே 40 மி.கி. போட்டால் பாதியாகும், 110-க்கு அருகில். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற எசெட்டிமைப் மாத்திரையைக் கூடச் சேர்த்தால் 90-க்குப் பக்கத்தில் வரலாம். அதற்கும் கீழே போக அளவைக் கூட்டலாம், அல்லது நான் மேலே சொன்ன பிசிஎஸ்கே9 புரதத்தையே தடுக்கிற ஊசிகள் இருக்கின்றன. விலை அதிகம்; உங்களுக்கு அந்த அவசியம் வராமலே போகலாம். அண்ணனுக்கு வரலாம். எதையும் நீங்களாக மருந்துக் கடையில் கேட்டு ஏற்றிக்கொள்ளாதீர்கள்; இந்தக் கணக்கை ஒரு இதய டாக்டர் முன்னால் வைத்துப் பேசுங்கள். அதுவரை கையில் இருக்கும் 10 மி.கி.யை இன்றிரவே தொடங்கலாமா என்று உங்கள் டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். தொடங்குங்கள் என்றுதான் சொல்வார்.

எண்ணெயை அடியோடு விட்டது போதும். பாமாயில், வனஸ்பதி, நெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்துக்கொண்டு, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவாக ஊற்றித் தாளித்துச் சாப்பிடுங்கள். நடையை விட வேண்டாம். உங்கள் அப்பாவின் பீடியும் சும்மா இருக்கவில்லை, ஜீன் மூட்டிய தீயை அது வளர்த்தது. அண்ணன் சிகரெட் பிடிப்பவரானால் இன்றே விட வேண்டும்.

டெஸ்ட்டுகளில் இன்னொன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். லிப்போபுரோட்டீன் ஏ. 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்தது. எல்டிஎல் துகளோடு ஒரு கூடுதல் புரதம் ஒட்டிக்கொண்டிருப்பது இது. இதன் அளவை ஏறக்குறைய முழுக்க முழுக்க ஜீன்தான் தீர்மானிக்கிறது. சாப்பாடு, நடை, ஸ்டாட்டின் எதுவும் இதை அசைப்பதில்லை. அதனால் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல், அல்லது லேப் நானோமோல் கணக்கில் கொடுத்தால் 125-க்கு மேல் இருந்தால் அதிகம். உலகில் ஐந்தில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. தெற்காசியர்களான நம்மிடம் இன்னும் கொஞ்சம் கூட. எஃப்எச்சும் இதுவும் சேர்ந்தால் ஆபத்து ஒன்றோடு ஒன்று கூடுகிறது. இதைக் குறைக்கும் மருந்து ஆராய்ச்சியில் இருக்கிறது. இப்போதைக்கு இது அதிகமென்றால் எல்டிஎல்லை இன்னும் கறாராகக் கீழே வைப்போம். லேப்பில் கேட்கும்போது அப்போ ஏ-1 என்பதோடு குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எச்டிஎல் சம்பந்தப்பட்டது, வேறு டெஸ்ட்.

குடும்பத்தில் மாரடைப்பு என்றாலே எஃப்எச் என்று இதைப் படிக்கும் மற்றவர்கள் முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலான குடும்பங்களில் ஓடுவது ஒற்றை ஜீன் அல்ல. நூற்றுக்கணக்கான ஜீன் மாற்றங்கள், ஒவ்வொன்றும் துளித்துளியாக ஆபத்தைக் கூட்டுபவை, ஒரே ஆளிடம் நிறையச் சேர்ந்துவிடுவதுதான். 2007-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியாக ஒன்பதாவது குரோமோசோமில் மாரடைப்போடு தொடர்புள்ள ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டின. ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த மாற்றத்தை இரண்டு பிரதியாக வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஆபத்து 30, 40 சதவீதம் கூடுதல். அதற்கும் கொலஸ்ட்ராலுக்கும் சம்பந்தமே இல்லை. இப்படிப்பட்ட பல மாற்றங்களைக் கூட்டிப் பார்த்து, ஆட்களை ஜீன் ஆபத்து வாரியாகப் பிரித்து 2016-இல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 55 ஆயிரம் பேருக்கு மேல். அவர்களில் ஜீன் ஆபத்து அதிகமுள்ளவர்களிலும் புகைக்காமல், எடை கூடாமல், நடந்து, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு, அப்படி இல்லாதவர்களைவிட மாரடைப்பு போன்ற இதய நிகழ்வுகள் 46 சதவீதம் குறைவு. அந்த வகைக் குடும்பங்களில் வாழ்க்கைமுறைக்குப் பலம் அதிகம். உங்கள் வகையில் மருந்துக்குப் பலம் அதிகம். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நடந்தால் சரியாகிவிடும் என்று உங்களைப் போன்றவர்களுக்கும் அறிவுரை சொல்லி அனுப்புகிறோம்.

எச்சில் கிட்? வேண்டாம். எஃப்எச்சை உண்டாக்கும் மாற்றங்கள் ஏற்பி ஜீனில் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கடையில் விற்கும் கிட்டுகள் பல, தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் பார்ப்பவை. உங்கள் குடும்பத்து மாற்றம் அதில் இல்லையென்றால் "ஆபத்து இல்லை" என்று அச்சடித்துக் கொடுத்துவிடும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். பல ஜீன்களைக் கூட்டிப் போடும் மதிப்பெண்ணோ பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்துச் செய்த கணக்கு, நமக்கு அதே துல்லியம் வராது. முறையான ஜீன் டெஸ்ட் வேறு விஷயம். ஏற்பி ஜீன், அப்போபி, பிசிஎஸ்கே9 ஆகிய மூன்று ஜீன்களையும் முழுதாகப் படிக்கிற அந்த டெஸ்ட்டை டாக்டர் எழுதிக் கொடுத்து, விளக்கிச் சொல்ல ஆள் வைத்துச் செய்வார்கள். வசதி இருந்தால் முதலில் அண்ணனுக்கு எடுக்கலாம். மாற்றம் எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்ப்பது எளிது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற எஃப்எச் உள்ளவர்களிலும் கணிசமானவர்களுக்கு ஜீன் டெஸ்ட்டில் ஒன்றும் அகப்படாது. அகப்படாவிட்டாலும் சிகிச்சை அதேதான். கிட் வாங்கும் பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் கொலஸ்ட்ரால் பார்க்கிற லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடலாம். இதற்கு வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்றும் இல்லை.

எல்லோருக்கும் என்றால்: சித்தப்பாவின் பிள்ளைகள், அத்தையின் பிள்ளைகள், அண்ணனின் பிள்ளைகள், உங்களுக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களும். இந்த ஜீன் இருப்பவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆண், பெண் பேதமில்லை. நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிப்பதும் இல்லை: ஒருவருக்கு வரவில்லையென்றால் அவர் வழியாக அவர் பிள்ளைகளுக்கும் போகாது. கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு எஃப்எச் என்று தெரிந்தால் ஸ்டாட்டினைப் பொதுவாகக் கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்திவைத்து, பால்கொடுத்து முடிந்த பிறகு தொடர்வோம். அதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். இன்னொன்று, உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை என்று வந்தால் கேஸ் என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக உங்கள் பெண். ஏழு வயது சரியான வயதுதான், இப்போதே பார்க்கலாம். அப்பாவுக்கு எஃப்எச் இருந்து, குழந்தையின் எல்டிஎல் 130-க்கு மேல் போனாலே நாங்கள் உஷாராவோம். 160 தாண்டினால் அநேகமாக அதுதான். அப்படி வந்தாலும் இப்போதைக்குச் சாப்பாடும் விளையாட்டும்தான். எட்டு முதல் பத்து வயதுக்குள் சிறிய அளவில் மாத்திரை தொடங்குவோம்.

சொந்தத்தில் கட்டியது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நோய் உங்கள் அப்பா வழியில் வருகிறது. அம்மாவின் கொலஸ்ட்ரால் 180. மாமன் மகள் உங்களோடு பகிர்ந்துகொள்வது அம்மா வழி ஜீன்களை. அந்த வழியில் இந்தக் கோளாறு இல்லை, ஆகவே மாமன் மகளைக் கட்டியதால் மட்டும் இந்த நோயில் உங்கள் பெண்ணுக்குக் கூடுதல் ஆபத்து கிடையாது. வெளியில் கட்டியிருந்தாலும் அவளுக்கு அதே பாதி வாய்ப்புதான். அத்தை மகளைக் கட்டியிருந்தால் கதை வேறு.

இங்கேதான் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது சகஜம். அப்பாவின் தங்கையை மாமாவுக்குக் கொடுத்து, மாமாவின் அக்காவை அப்பா கட்டியிருந்தால், மாமன் மகளும் அத்தை மகளும் ஒரே ஆள். 57 வயதில் பைபாஸ் செய்த அந்த அத்தைதான் உங்கள் மாமியாரா? இல்லையென்றால் உங்கள் மனைவிக்கு ஒருமுறை லிப்பிட் டெஸ்ட் எடுத்து, நார்மல் என்று பார்த்துவிட்டு மறந்துவிடலாம். ஆம் என்றால் மனைவிக்கும் அந்த ஜீன் இருக்கப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு மோட்டாரும் ஓடாமல் போக நாலில் ஒரு வாய்ப்பு. அப்படிப்பட்ட குழந்தைக்கு எல்டிஎல் பெரும்பாலும் 400-க்கு மேல் இருக்கும். முழங்கை, முழங்கால், பிட்டத்தில் மஞ்சள் நிறப் படிவுகள் சின்ன வயதிலேயே தெரியும். சிகிச்சைக்கு எட்டு வயது வரை காத்திருக்க முடியாது, பெரிய மையத்தில் உடனே காட்ட வேண்டும். இது அபூர்வம்தான், பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அத்தைதான் மாமியார் என்றால், உங்கள் இதய டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எப்போது என்று பார்க்க வேண்டாம். மனைவிக்கும் பாப்பாவுக்கும் நாளைக் காலையிலேயே இரத்தம் கொடுத்துவிடுங்கள்.